துவைக்கும் கல்லில் வைத்த பூ

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள் போய் இடதுபக்கம் திரும்பினால் ஒரு கருங்கல் இருக்கிறது. முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழே உயரம். ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். தலைப்பக்கம் உளியால் கீறிய சின்னச் சிலுவை. செவ்வாய்க்கிழமையானால் அதன் முன்னால் வாசல்வரை வரிசை நிற்கும். அதற்கடியில் ஒரு சிஸ்டரை அடக்கம் செய்திருக்கிறார்கள், கேட்டதைக் கொடுப்பார் என்பது பல்லடத்திலிருந்து மங்கலம்வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். அந்தக் கல்லுக்கடியில் யாரும் இல்லை. அது துவைக்கிற கல். அதில் முதல் பூவை வைத்த கழுதை நான்தான்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். போன வருஷம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பும்வரை நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலைப் படித்து, அவர் கேட்பதை இங்கே உள்ளவர்களுக்குப் புரியவைத்து, இங்கே நடப்பதை அவருக்குப் புரியாமல் பார்த்துக்கொண்டு, எப்படியாவது சரக்கைக் கப்பலேற்றுவது என் வேலை. இதையே இத்தனை வருஷமாகச் செய்ததில், எதை எழுதச் சொன்னாலும் எழுதிவிடுவேன் என்று ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை, போலீஸ் புகார், மருமகளுக்குச் சமாதானக் கடிதம், எல்லாம் என்னிடம் வரும்.

சாமியார் சொன்னார்: "கன்னியர் மடமா இருந்த இடம் கோயிலானதுக்கு ஒரு விழா எடுக்கறோம்மா. ஒரு மலர் போடணும். கோயில் வரலாறு ஒரு பன்னிரண்டு பக்கம் நீங்க எழுதிக் குடுங்க. நீங்க இங்கயே தங்கிப் படிச்சவங்க."

"சாமி, எங்க ஊட்ல மாரியாத்தாளக் கும்பிடறவங்க நாங்க."

"அதனாலதாம்மா உங்களக் கேக்கறேன். பங்குல இருக்கறவங்க எழுதினா அவங்கவங்க தாத்தா பேரு பக்கத்துக்குப் பக்கம் வந்துடும்."

மறுக்க முடியாத நியாயம். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையை அப்போதே நாலு குட்டு குட்டியிருக்க வேண்டும்.

கட்டடத்தின் வரலாறு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. இன்று பாடகர் குழு நிற்கிற இடத்தில் எங்களுக்கு உப்புமா போட்டார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டு இருக்கிற மூலையில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. பாவம் செய்தவர்கள் அங்கே இப்போது மண்டியிடுகிறார்கள். அப்போது எலி ஓடியது. மைக் செட் வைத்திருக்கும் அறையில்தான் வாய்ப்பாடு ஒப்பிக்காதவர்களை நிற்க வைப்பார்கள். பெரிய பீடம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் அது அப்போதே கன்னியர்களின் ஜெபக்கூடம். கல் இருக்கிற இடதுபக்கம் அன்று கூரையில்லாத முற்றம். ஒரு கிணறு, ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு துவைக்கிற கல். அக்கம்பக்கத்தார் யாரோ அந்தக் கல்லை இரவல் கேட்டு எடுத்துப் போய்த் திருப்பித் தராமல் இழுத்தடித்ததால், அது மடத்துச் சொத்து என்று காட்டச் சிலுவை கீறி வைத்தார்கள். ஆக அந்தச் சிலுவையும் பக்தியால் வந்ததில்லை.

இதையெல்லாம் மூன்று நாளில் எழுதிவிட்டேன். எட்டாம் பக்கம் முடிந்து ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது கல் வந்து குறுக்கே நின்றது.

நடந்தது இதுதான். எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை, இரண்டு பேருக்கும் ஓவர்டைம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னை மடத்து விடுதியில் சேர்த்திருந்தார்கள். அங்கே தையல் சொல்லிக்கொடுத்ததும் துணி துவைப்பதை மேற்பார்த்ததும் ஒரே சிஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகத் திட்டுவார். அவரிடம் தைக்கக் கற்றுக்கொண்டு, அப்பா கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் கட்டிங் வேஸ்ட்டை ஒட்டுப்போட்டு ஒரு உள்பாவாடை தைத்தேன். என் முதல் தையல். நாடா கோக்கும் பட்டி மட்டும் குடிகாரன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து போனது. மற்றபடி எனக்கு அது பட்டுப்பாவாடை.

அதைத் துவைக்க வேண்டும். எங்கள் துணிக்கெல்லாம் சவுக்காரம்தான். அந்த வாரம் ஆயர், அதாவது பிஷப், வருவதாக இருந்ததால், பீடத்து விரிப்புகளையும் பூசை அங்கிகளையும் வாசனைச் சோப்புத் தூள் போட்டுத் தொட்டியில் ஊற வைத்திருந்தார்கள். எல்லாம் பால் வெள்ளை. மாலை ஜெபத்துக்கு மணி அடித்தபோது, என் சிவப்புப் பாவாடையை அந்தத் தொட்டிக்குள் அமுக்கிவிட்டு நல்ல பிள்ளையாக ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பனியன் ஊரில் பிறந்த குழந்தைக்கு, அதுவும் கட்டிங் மாஸ்டர் மகளுக்கு, சரியாகக் கழுவாத சிவப்பு என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை.

காலையில் எல்லாம் ரோஸ். விரிப்பு ரோஸ், அங்கி ரோஸ், துடைக்கும் துணி ரோஸ். தொட்டித் தண்ணீர் ரோஸ் மில்க்காக இருந்தது. மடத்துத் தலைவியான மதர் எங்கள் எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். யாருடைய வேலை என்று தெரிந்தால் அவள் இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டுக்கு அனுப்பினால் அப்பா வேறு பள்ளிக்கூடம் தேடமாட்டார், நேராகக் கம்பெனியில் கை மடிக்க உட்கார்த்திவிடுவார். டெய்லர் தைக்கத் தோதாகத் துணியை மடித்து மடித்துக் கொடுக்கும் வேலை அது. எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் பாதிப்பேர் அதில்தான் இருந்தார்கள்.

ஆனால் தொட்டியில் பாவாடை இல்லை. துழாவிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சாயம் போகப் போகத் துணியே கரைந்து போய்விட்டது என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் பல வருஷம் நம்பினேன். சிஸ்டர் மதரின் முன்னால் வந்து, "நாந்தான் மதர் பாக்காம நனைச்சிட்டேன்" என்றார். அவர் வாயால் மற்றவர்கள் திட்டு வாங்குவதைத்தான் பார்த்திருக்கிறோம். அவர் திட்டு வாங்குவதை அன்றுதான் பார்த்தோம். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆயர் வந்து போன இரண்டாம் நாள், நாங்கள் வகுப்பில் இருந்தபோது ஒரு ஜீப் வந்து சிஸ்டரை ஏற்றிக்கொண்டு போனது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் நாலு நந்தியாவட்டைப் பறித்து வந்து, அவர் நின்று துவைக்கிற கல்லில் வைத்தேன். சிவப்பாக எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்ததால் வெள்ளைப் பூ. வைத்துவிட்டு அழுதேன். என்னோடு படித்த ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏன் புள்ள அழுகற?" என்றாள். உண்மையைச் சொல்ல முடியாது. ஆகவே இன்னும் பெரிதாக அழுதேன்.

பூ, அழுகை, காணாமல் போன சிஸ்டர். மத்தியானத்துக்குள் விடுதிக்கே செய்தி தெரிந்துவிட்டது. சமையல்கார அக்கா மெழுகுவத்தி கொளுத்தினார். மதர் வந்து பூவைத் தள்ளிவிட்டு, "அவங்க மாற்றலாகி வடக்கே தூரமா போயிருக்காங்க" என்று சொன்னார். அம்மாவைப் பெற்ற என் அப்புச்சி செத்தபோதும் பெரியவர்கள் எங்களிடம் தூரமாகப் போயிருப்பதாகத்தான் சொன்னார்கள். ஆகவே மதர் சொன்னதும் சந்தேகம் மொத்தமாகத் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஜூன் தோறும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், கதை வளர்ந்தது. சில வருஷத்தில் கன்னியர்கள் வேறு பெரிய கட்டடத்துக்குக் குடிபோனார்கள். மடத்துச் சுவர்களை இடித்துக் கோயிலாக்கியபோது முற்றத்துக்கும் கூரை வந்தது. கிணற்றை மூடினார்கள், தொட்டியை உடைத்தார்கள். கல்லில் கைவைக்க மட்டும் கொத்தனார் மாட்டேன் என்றுவிட்டார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியதே அந்தக் கல்லால்தானாம்.

அப்புறம் பனியன்காரர்கள் வந்தார்கள். எங்கள் தொழிலில் பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படாதவர்கள் வாஷ் டெஸ்டுக்குப் பயப்படுவார்கள். துவைத்துப் பார்த்து, சாயம் போனாலோ துணி சுருங்கினாலோ மொத்த ஆர்டரும் போச்சு. யாரோ ஒருவருக்கு இரண்டு தடவை தோற்ற பீஸ், கல்லில் வைத்துக் கும்பிட்ட பிறகு மூன்றாம் தடவை பாஸானது. மூன்றாம் தடவை சாயப்பட்டறையில் ஒழுங்காகக் கழுவினார்கள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றிலிருந்து ஷிப்மெண்டுக்கு முன்னால் ஒரு பீஸைக் கொண்டுவந்து கல்லில் படுக்கவைத்துக் கும்பிட்டு எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. லேபிள் வியாபாரம் செய்யும் பாய் லேபிள் சுருளோடு வருவார். அருள்புரத்திலிருந்து இந்திக்காரப் பையன்கள் சம்பள உயர்வு வேண்டி வருவார்கள். என் ஓனர் என்னையே பீஸோடு அனுப்புவார். கல்லுக்கடியில் யாரும் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான், கையில் டி-ஷர்ட்டோடு வரிசையில் நிற்பேன். பாஸும் ஆகிவிடும். அதுதான் எரிச்சல்.

இப்போது ஒன்பதாம் பக்கத்தில் என்ன எழுதுவது? நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஓனர் தன் அறைக்குக் கூப்பிட்டார். தோட்டம் துரவு உள்ள விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் பருத்தி, இவர் காலத்தில் பனியன். நல்ல மனுஷன்தான். ஒரு காரியம் நினைத்துவிட்டால் மட்டும் புல்டோசர்.

"ஏனுங்க அம்மிணி, விழாவுக்கு நம்ம கம்பெனி சார்புல அந்த சிஸ்டரம்மா சமாதிக்கு ஒரு மார்பிள் பலகை வெக்கலாம்னு இருக்கறனுங்க. கல்லு வந்துருச்சு. பொறந்த தேதி, செத்த தேதி ரெண்டும் பொறிக்கோணும். நீங்கதான வரலாறு எழுதறீங்க, தேதி மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

பத்து வயதில் சொல்லாமல் விட்ட ஒன்று, மார்பிளில் பொறிக்கும் அளவுக்கு வந்து நிற்கிறது. அதுவரை அது ஊர்க்கதை. தேதி பொறித்துவிட்டால் அது வரலாறு, அதுவும் நான் எழுதியது. அதைவிட ஒரு நினைப்பு உறுத்தியது: அந்த சிஸ்டர் உண்மையில் என்னவானார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் தேடவில்லை. தேடினால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம். இப்போது வேறு வழியில்லை. எங்கேயோ நிஜமாகவே இறந்திருப்பார், தேதியை வாங்கிக்கொண்டு வந்து, பலகையில் "நினைவாக" என்று மட்டும் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சபையின் தலைமை மடம் கோவையைத் தாண்டி, மலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு இளம் சிஸ்டர் கம்ப்யூட்டரில் தேடினார். ஊரையும் வருஷத்தையும் சொன்னதும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பிறந்த தேதியைப் படித்தார். நான் குறித்துக்கொண்டேன்.

"இறந்த தேதி, சிஸ்டர்?"

"அது காலியா இருக்கே."

"பதிய மறந்துட்டாங்களா?"

"இல்லீங்கக்கா. அவங்க உள்ள பட்டாணி உரிச்சிட்டு இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிவந்துவிட்டேன். ஐம்பது வயது தாண்டிய பெண்பிள்ளை, ஹேண்ட்பேக்கை மேஜையிலேயே மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, மறுபடி ஓடினேன். ஒரு கணம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது: வெள்ளைப் புடவை, முறத்தில் பட்டாணி, யாரையோ திட்டும் அதே குரல். இருபத்தைந்து வருஷமாக பையர்களிடம் வாய் கூசாமல் பேசிய எனக்கு, ஒரு கிழவியிடம் "என்னை மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"தேதி ஆச்சுங்களா அம்மிணி?" என்றார் ஓனர் மறுநாள்.

"இன்னும் வரலீங்க சார்" என்றேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு உண்மையான பதிலை நான் அவருக்குச் சொன்னதில்லை.

கடைசியில் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். தொட்டி, பாவாடை, பூ, பட்டாணி. அரிசி மூட்டை இருந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "புத்தகத்துல உண்மையை எழுதிடுங்கம்மா, நான் பாத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லணும். அதை உங்களுக்காக நான் செய்ய முடியாது. விழாவுக்கு அவங்களக் கூப்பிடறேன்." மார்பிள்காரரிடமும் இறந்த தேதிக்கு இடம் காலியாக விடச் சொல்லிவிட்டார். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை.

விழா அன்று காலைப் பூசைக்கு மடத்திலிருந்து ஒரு வேன் வந்தது. பத்துப் பதினைந்து கன்னியர்கள் இறங்கினார்கள். பூசை முடிந்து மற்றக் கன்னியர்கள் டிபனுக்குப் போனபோது சிஸ்டர் மட்டும் போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பழைய முற்றத்தைத் தேடுகிறவர் மாதிரி இடதுபக்கம் வந்தார். வரிசையைப் பார்த்து நின்றார். ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர், "சிஸ்டர், லைன்ல வாங்க, எல்லாருக்கும் ஒரே லைன்தானுங்க" என்றார். அவர் பேசாமல் கடைசியில் போய் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவருக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, புதிதாக வந்தவருக்குத் தலவரலாறு சொல்ல ஆரம்பித்தார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? இந்த சிஸ்டரம்மா காய்ச்சலோட நின்னு ஏழைப்பட்டவங்க துணியெல்லாம் தொவச்சாங்களாமா. தொவைக்கத் தொவைக்க அப்பிடியே கல்லு மேலயே உசுரு போயிருச்சாமா."

"ஐயோ பாவம்! சின்ன வயசோ?"

"முப்பத்தஞ்சுதானுங்க."

"ச்ச்ச்" என்று சிஸ்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். முன்னால் நின்ற இந்திக்காரப் பையன் ஒருவனிடம் ஏதோ இந்தியில் விசாரித்தார். வடக்கே முப்பது வருஷம் இருந்த இந்தி. அவன் தன் ஊர்ப்பேச்சைக் கேட்டு மலர்ந்துபோய், இந்த அம்மா ரொம்ப சக்தியுள்ளவர் என்று கல்லைக் காட்டினான்.

வரிசை நகர்ந்து கல்லுக்குப் பக்கத்தில் வந்தோம். அங்கே என் ஓனர், சட்டை மடிப்புக் கலையாமல், அன்றே கப்பலேறப் போகும் ஆரஞ்சு நிற டி-ஷர்ட் ஒன்றைக் கல்லில் படுக்கவைத்து, கண்மூடி நின்றார். பக்கத்திலேயே சுவரில் சாய்த்து, துணி போட்டு மூடிய மார்பிள் பலகை. சிஸ்டர் எட்டி டி-ஷர்ட்டின் ஓரத்தை எடுத்தார். விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"இது சாயம் போவும்" என்றார்.

ஓனர் கண்ணைத் திறந்தார். "ஏனுங்க?"

"ஒழுங்கா அலசல. ஒங்க கைக்குட்டையத் தாங்க." அதைத் தூணருகே இருந்த தீர்த்தத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, டி-ஷர்ட்டில் நாலு தடவை அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை ஆரஞ்சாகிவிட்டது. "பாத்தீங்களா?"

"நீங்க யாருங்க மொதல்ல?" என்றார் ஓனர், கோபமும் கிலியும் கலந்து.

அதற்குள் சாமியார் வந்துவிட்டார். அவரும் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார் என்பது என் சந்தேகம். "அவங்கதாங்க இவங்க" என்று கல்லைக் காட்டி, சிஸ்டரைக் காட்டினார். யாருக்கும் புரியவில்லை. ஆகவே பலகையின் துணியை விலக்கினார். சிஸ்டர் படித்தார். தன் பெயர், தன் பிறந்த தேதி, அதற்குக் கீழே காலி இடம், அதற்குக் கீழே "இங்கே நிம்மதியாகத் துயில்கிறார்" என்ற வரி.

"யாரு துயில்றது? எனக்கு ரவ்வெல்லாம் தூக்கமே வர மாட்டேங்கு. மூணு மணிக்கே முழிச்சிக் கெடக்கேன்" என்றார்.

தலவரலாறு சொன்ன அம்மா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓனர் சாமர்த்தியசாலி, முதலில் சுதாரித்தவர் அவர்தான். தடாலென்று சிஸ்டரின் காலில் விழுந்து எழுந்து, நேராக வெளியே ஓடி, போனில் கத்தினார்: "அந்த ஆரஞ்சு லாட்ட நிறுத்துங்க! அத்தனையும் மறுபடி வாஷ் பண்ணோணும். யாரு சொன்னதா? செத்தவங்களே நேர்ல வந்து சொல்லிப்போட்டாங்க!"

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் "இது மடத்துச் சகோதரிகள் துணி துவைத்த கல்" என்று தெளிவாகவே எழுதினேன். வரிசை குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. "அதானுங்க பார்த்தேன், வாஷ் டெஸ்டுக்கு மட்டும் எப்பிடி இப்பிடிக் கேக்குதுன்னு" என்றார் லேபிள் பாய். மார்பிள் பலகையை என்ன செய்வது என்று ஓனர் கைபிசைந்தபோது, சிஸ்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுத்துப் பக்கம் கீழே போட்டால் தங்கள் மடத்தில் சப்பாத்தி தேய்க்க வசதியாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பெனி வேனிலேயே அனுப்பினோம்.

இவ்வளவும் மலரில் வந்ததுதான், கொஞ்சம் பூசி மெழுகி. வராதது ஒன்று இருக்கிறது.

கூட்டம் சாப்பிடப் போன பிறகு சிஸ்டர் கல்லின் சரிவில் கை வைத்தபடி நின்றார். பக்கத்தில் நான் மட்டும். இனியும் ஓடினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"சிஸ்டர், நான் இங்க படிச்சவ. ஆயர் வந்தப்ப தொட்டியில..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. பத்து வயதில் அழுத அதே அழுகை வந்தது, மூக்கெல்லாம் ஒழுகி, பார்க்கச் சகிக்காத அழுகை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டிங் மாஸ்டர் மவளா நீ?"

நான் தலையாட்டினேன்.

"அந்த ஆயர் ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா தப்பிச்சிருக்கலாம் பிள்ளே. தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் சாமியாருவ பூசைக்கு ரோஸ் கலர் உடுத்தலாம். ஒரு வாரம் லேட்டா வந்தாவ." சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரித்தார்.

"என்னாலதான சிஸ்டர் உங்கள வடக்க அனுப்பிச்சாங்க?"

"எப்படியும் ஜூன்ல அனுப்பியிருப்பாவ. மூணு மாசம் முன்னாடி போனேன். அங்கயும் துணி அழுக்காத்தான் இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே தோள்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். ஒரு மெல்லிய துணியில் சுற்றியிருந்தார். வெளுத்து, நைந்து, வெள்ளை என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம். துணியை அவர் பிரித்தபோது அதில் ஒட்டுப் போட்டிருந்தது தெரிந்தது. மேல் ஓரத்தில் நாடா கோக்கும் பட்டி, குடிகாரன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.



"விடியமுன்ன தொட்டியப் பாக்க வந்தேன். இது மேல மெதந்துச்சு. இந்த அளவுக்கு இடுப்பு உள்ளது விடுதியில நீ ஒருத்திதான். மதர் பாத்தா ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருவாவ, ஒங்க அப்பா கம்பெனிக்கு அனுப்பிருவாரு. அதான் பிழிஞ்சு என் பையில வச்சிக்கிட்டேன்."

புத்தகத்தை மறுபடி வெறுமனே பைக்குள் வைத்தார். பாவாடையை நாலாக மடித்து, கல்லில் வைத்து ஒரு தடவை நீவி, என் கையில் கொடுத்தார்.

"இந்தா, ஒன்னோடது. இனிமே எந்த வெள்ளையோடயும் சேத்து நனைக்கலாம்."